விரல்ல மை கேட்டா கண்ணீர்ப்புகை

(சென்னையில ஒரு வாசகர் கூட்டத்துல பேசுனது. பேசுன மாதிரியே டைப் பண்ணிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, இங்க சேர் காலியாத்தான் இருக்கு. எனக்கு குடுத்த தலைப்பு "ஜனநாயகத்தைக் காப்பதில் குடிமக்களின் பங்கு". பெரிய தலைப்பு, நான் அதுல மலேசியாவ மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா இங்க பல பேருக்கு கிள்ளான்லயோ ஈப்போலயோ ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பாங்க, ஆனா அவங்க நாட்டுல 2018 வரைக்கும் மத்தியில ஆட்சியே மாறலன்னு நமக்கு அவ்வளவா தெரியாது.

1957-ல சுதந்திரம். அப்போ உக்காந்த கூட்டணி, நடுவுல பாரிசான் நேஷனல்னு பேர மாத்திக்கிச்சு, தலைமை என்னவோ அதே அம்னோ கட்சி தான், கிட்டத்தட்ட 61 வருஷம். நம்ம ஊர்ல 1967-ல காங்கிரஸ் தோத்துச்சு, அண்ணா வந்துட்டாரு, அதோட ஆட்சி மாறுறது நமக்கு சர்வசாதாரணமா போச்சு.

தேர்தல் நடக்கலியான்னு கேப்பீங்க. நடந்துச்சுங்க, எதிர்க்கட்சி இருந்துச்சு, கோர்ட்டும் இருந்துச்சு, கஷ்டமே அங்க தான். என்ன பண்ணாலும் அதுக்கு ஒரு சட்டம் கைல வச்சிருப்பாங்க. பேப்பர் நடத்தணும்னா 2012 வரைக்கும் வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்துச்சு. விசாரணை இல்லாம உள்ள வைக்க 1960-ல போட்ட ஐ.எஸ்.ஏ.னு ஒரு சட்டம், நம்ம மிசாவுக்கு அண்ணன், மிசா எமர்ஜென்சிக்கு அப்புறம் போயிடுச்சு, அது 2012 வரைக்கும் இருந்துச்சு. 1987 அக்டோபர்ல நூறு பேருக்கு மேல புடிச்சு உள்ள போட்டு, மூணு பத்திரிகையோட லைசென்ஸயும் புடுங்குனாங்க. அடுத்த வருஷம் நாட்டோட தலைமை நீதிபதி சாலே அபாஸையே தூக்கிட்டாங்க, அதுக்கும் முறையா ஒரு ட்ரிபியூனல் வச்சு! அப்போ பிரதமர் மகாதீர். இந்த பேர ஞாபகம் வச்சுக்கங்க.

தொகுதி பிரிச்ச லட்சணத்தையும் சொல்லணும். 2013 தேர்தல்ல புத்ராஜெயா தொகுதில 16,000 வாக்காளர் கூட இல்ல, காப்பார்ல 1,44,000 வாக்காளர். ரெண்டுக்கும் ஒரே ஒரு எம்.பி. அந்த தேர்தல்ல எதிர்க்கட்சிக்கு பாதிக்கு மேல ஓட்டு விழுந்துச்சு, சீட்டு 222-ல 89 தான்.

இத எப்படி அசைச்சாங்க? நான் வக்கீலுங்கள்ட்ட இருந்து ஆரம்பிப்பேன். 2007-ல ஒரு வீடியோ வெளிய வந்துச்சு, ஒரு வக்கீல் போன்ல யார எந்த ஜட்ஜ் போஸ்ட்ல போடலாம்னு பேசிட்டு இருக்காரு. செப்டம்பர் 26, சுமார் 2,000 வக்கீலுங்க கோட்டு சூட்டோட புத்ராஜெயாவுல பிரதமர் ஆபீசுக்கு நடந்தாங்க. முன்னாடி நடந்தது பார் கவுன்சில் தலைவி அம்பிகா சீனிவாசன், இந்திய வம்சாவளிப் பொண்ணு. வக்கீலுங்க தினமும் நடக்கறவங்க இல்ல, அவங்களே நடக்கறாங்கன்னா ஏதோ ரொம்ப தப்பாயிருக்குன்னு சொன்னாங்க. விசாரணை கமிஷன் போட வேண்டியதாச்சு, 2009-ல நீதிபதி நியமனத்துக்கு தனி ஆணையமும் வந்துச்சு.

அதே 2007 நவம்பர்ல நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே அமைப்போட பேரணி, ரெண்டு வாரத்துல மலேசிய இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராஃப் பேரணி, கோலாலம்பூர்ல ஆயிரக்கணக்கான தமிழங்க, தண்ணி பீரங்கி, கண்ணீர்ப்புகை, அஞ்சு தலைவருங்க ஐ.எஸ்.ஏ.ல உள்ள. அடுத்த மார்ச்ல பாரிசான் மூணுல ரெண்டு பங்கு பலத்த இழந்துச்சு, 1974-லேர்ந்து சுங்கை சிப்புட் தொகுதிய கைல வச்சிருந்த, பாரிசான்ல இருந்த இந்தியர் கட்சியோட தலைவர் சாமிவேலுவே தோத்தாரு. உள்ள இருந்த அஞ்சு பேர்ல மனோகரன் சிறைலேர்ந்தே சட்டமன்றத்துக்கு ஜெயிச்சாரு.

ஆனா எனக்கு இதுல ரொம்ப புடிச்சது பெர்சேயோட கோரிக்கைங்க தான். புரட்சி, எழுச்சின்னு ஒண்ணும் கேக்கல. வாக்காளர் பட்டியல சுத்தம் பண்ணு, தபால் ஓட்ட ஒழுங்கு பண்ணு, பிரச்சாரத்துக்கு 21 நாள் குடு, விரல்ல அழியாத மை வை. மைங்க! இங்க நாம ஓட்டு போட்டுட்டு செல்ஃபி எடுக்கறோமே அந்த மை. 2008-ல வைக்கறோம்னு சொல்லிட்டு ஓட்டுக்கு நாலு நாள் முன்னாடி கேன்சல் பண்ணாங்க. 2011 ஜூலைல மறுபடி தெருவுக்கு வந்தா அமைப்பையே சட்டவிரோதம்னு அறிவிச்சு, மஞ்ச டீ-ஷர்ட் போட்டவன புடிச்சு, ஒரே நாள்ல 1,600 பேருக்கு மேல கைது. கோர்ட்டுக்கு போயி அடுத்த வருஷம் அந்த தடைய ஒடச்சாங்க. 2013-ல ஒருவழியா மை வந்துச்சு, கழுவுனா போயிடுதுன்னு ஜனங்க விரல காட்டுனாங்க, சிரிக்கறதா அழறதா தெரியல.

அப்புறம் 1எம்.டி.பி.ங்கற அரசு முதலீட்டு நிதில காணாம போன பணம், பிரதமர் நஜிப்போட கணக்குல 260 கோடி ரிங்கிட்ங்கற செய்தி, அது தனி கதை, நேரம் இல்ல.

2018-ல ஓட்டு நாள புதன்கிழமைல வச்சாங்க, வெளியூர்ல வேல செய்றவன் வர முடியாதுன்னு ஊரே கத்துன பிறகு தான் லீவு விட்டாங்க. தெரியாதவன தெரியாதவன் கார்ல ஏத்திட்டு போனான். வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு தபால் ஓட்டு லேட்டா வந்துச்சு, ஊருக்கு ஃப்ளைட் ஏறுறவன்ட்ட ஏர்போர்ட்ல கவர குடுத்து அனுப்புனாங்க. எண்ணுற இடத்துல பயிற்சி எடுத்த வாலண்டியர்ங்க ஃபார்ம் 14-ங்கற ரிசல்ட் தாள கைல வாங்காம நகரல. நம்ம தென்சென்னைல 2024-ல 54 சதவீதம் தான் போட்டோம், லீவு விட்டே.

பாரிசான் தோத்துச்சு. ஜெயிச்ச கூட்டணிக்கு தலைவர் யாரு? 92 வயசு மகாதீர்! அவரு தான் கவுத்தாருன்னு நம்ம டிவில எல்லாம் சொன்னாங்க, எனக்கு ஒத்துக்க முடியல. அவரு வந்து சேந்தது கடைசி ரெண்டு மூணு வருஷம், அவரு கட்டுன பூட்ட மத்தவங்க பத்து வருஷமா ராவிட்டு இருந்தாங்க. 2020-ல எம்.பி.ங்க கட்சி தாவி அந்த ஆட்சியும் கவுந்துச்சு, நஜிப் 2022-ல ஜெயிலுக்கு போனாரு, தண்டனைய பாதியா குறைச்சுட்டாங்க, ஐ.எஸ்.ஏ.க்கு பதிலா வந்த சொஸ்மாங்கற பாதுகாப்புச் சட்டம் இன்னும் இருக்கு.

நம்மூர்லயும் அந்த ஃபார்ம் 14 மாதிரி ஒரு தாள் உண்டு, ஃபார்ம் 17சி, பூத்துல எத்தன ஓட்டு பதிவாச்சுன்னு எழுதி ஏஜென்ட்டுக்கு குடுக்கணும். இங்க அத கைல வாங்கிருக்கறவங்க யாரு, கை தூக்குங்க... மூணு பேரா? சரி, அந்த பச்ச சட்டை அண்ணன் முதல்ல சொல்லட்டும், மைக்க அங்க குடுங்கப்பா.