கதை கேட்ட பாலையா

வணக்கம் நேயர்களே. நகைச்சுவை பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டதும் உடனே தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் பயம் வந்தது. வானொலியில் சிரிப்பைப் பற்றிப் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நீங்கள் சிரிக்கிறீர்களா, இல்லை ரேடியோவைப் பாட விட்டுவிட்டு மாவாட்டப் போய்விட்டீர்களா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரிகிற ஒரே முகம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கும் தம்பியின் முகம். அவர் இதுவரை சிரிக்கவில்லை. சரி, பார்ப்போம்.

நான் சொல்ல வந்ததும் அதைத்தான். காமெடி என்றால் பேசுகிறவரைத்தான் நாம் கொண்டாடுகிறோம். ஆனால் பாதிச் சிரிப்பு, சில சமயம் முக்கால்வாசிச் சிரிப்பு, எதிரே உட்கார்ந்து கேட்கிறவருடையது. இதை நாற்பது வருடமாகக் கிடைத்தவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். வீட்டில் இப்போது இதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

'காதலிக்க நேரமில்லை' பார்க்காதவர்கள் உங்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த படம். கதையில் அவரோடு சித்ராலயா கோபுவும் இருந்தார். எனக்கு அந்தப் படத்தில் கொஞ்சம் சொந்த ஊர்ப் பாசமும் உண்டு. நான் பொள்ளாச்சிப் பக்கம். படத்தில் வருகிற ஆழியாறு எங்களுக்குப் பஸ் ஏறினால் வந்துவிடுகிற இடம். போதாதற்கு, நாகேஷ் பிறந்த தாராபுரமும் எங்களுக்குப் பக்கம்தான். கவுண்டமணியும் உடுமலைப்பேட்டை வட்டாரத்துக்காரர். இவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள் என்று சின்ன வயதில் பெருமை பேசித் திரிந்திருக்கிறேன். அதில் என் பங்கு என்ன என்று யாரும் கேட்காததால் தப்பித்தேன்.

அந்தப் படத்தில் நாகேஷ் செல்லப்பா. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று ஒரு கம்பெனியை ஆரம்பித்து, அப்பாவின் பணத்தில் படம் எடுக்கத் துடிக்கிற பிள்ளை. அப்பா விஸ்வநாதனாக டி.எஸ். பாலையா. பிள்ளை அப்பாவுக்கு ஒரு பயங்கரக் கதை சொல்கிறார். பேய் கிடையாது, இருட்டு மாளிகை கிடையாது. சத்தம், அமைதி எல்லாமே நாகேஷின் வாய்தான். இந்தக் காட்சியைச் சொல்லும்போது எல்லாரும் நாகேஷ், நாகேஷ் என்பார்கள். நியாயம்தான். ஆனால் அடுத்த தடவை பார்க்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்கள். கஷ்டம்தான், கண் அந்தப் பக்கமே ஓடும். இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பணம் கேட்டு வந்திருக்கிறானே என்ற எரிச்சலோடு தொடங்குகிற முகம், கதை நகர நகரப் பச்சைப் பிள்ளை முகமாகிவிடும். அவருக்கு அங்கே வசனம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பயப்படுவதுதான் வேலை.

இந்த மனிதர் 1936-ல் 'சதி லீலாவதி'யில் அறிமுகமானவர். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். வில்லனாகப் பேர் வாங்கியவர் பாலையா. பிறரை நடுங்கவைத்துப் பழகியவருக்கு நடுக்கத்தின் படிகள் எல்லாம் தெரிந்திருக்கும் என்பது என் கணக்கு. இதே படத்தை 1966-ல் இந்தியில் எடுத்தபோது மெஹ்மூத் கதை சொல்ல, ஓம் பிரகாஷ் கேட்டார். அவர்களும் கெட்டிக்காரர்கள். ஆனாலும் எனக்குப் பாலையாதான்.

இதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. கொஞ்சம் நீளமான சாட்சி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவது படித்தபோது எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் இந்தப் படம் வந்தது. மணலைக் குவித்து உட்கார்ந்து மூன்று நாள் பார்த்தேன். பள்ளி ஆண்டு விழாவில் இந்தக் காட்சியை நடிப்பது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவன் நான்தான், அதனால் செல்லப்பாவும் நான்தான். தோட்டத்தில் மாட்டுக்கு முன்னால் நின்று எல்லாச் சத்தங்களையும் பழகினேன். பாலையா வேடத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. வசனமே இல்லாத வேடம் எதற்கு என்று எல்லாரும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் கடைசி பெஞ்சில் இருந்த ஒருவனைப் பிடித்தோம். அவன் வகுப்பில் வாயைத் திறந்தே யாரும் பார்த்ததில்லை. "நீ ஒன்றும் பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும்" என்றேன். சரி என்று தலையாட்டினான். அதற்கும் வாய் திறக்கவில்லை.

விழா நாள் வந்தது. திரை விலகியது. நான் மூச்சை இழுத்து முதல் சத்தத்தைக் கொடுத்தேன். மைக் 'கீ' என்று ஒரு கத்துக் கத்திவிட்டு அடங்கிப்போயிற்று. மைக் செட்காரர் ஒயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். நானோ நிறுத்தவில்லை. முன்னால் இரண்டு வரிசையைத் தாண்டி யாருக்கும் நான் சொல்வது கேட்டிருக்க வழியில்லை. ஆனால் கூட்டம் சிரிக்கிறது! பின்வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் வரைக்கும் சிரிக்கிறார்கள். ஆகா, மைக்கே இல்லாமல் நம் குரல் அவ்வளவு தூரம் போகிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. இன்னும் கத்தினேன். இன்னும் சிரித்தார்கள்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் அவன். தோளில் இருந்த துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தான். கால் இரண்டும் நாற்காலி மேல் ஏறிவிட்டன. நான் எந்தச் சத்தம் போட்டாலும் கண் மட்டும் ஒரு சுற்றுப் பெரிதாகிறது. அவன் நடித்தானா, நிஜமாகவே பயந்தானா, இன்று வரை தெரியாது. பரிசாக வந்த எவர்சில்வர் டம்ளரை அவனுக்குத்தான் கொடுத்தார்கள். நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் வழக்கமாகவே பேசாதவன் என்பதால் அது அவனுக்குத் தெரிந்திருக்காது.

இந்தக் கதையைச் சொன்னால் என் மனைவி ஒரு கேள்வி கேட்பாள். "கேட்கிறவர் முகம்தான் முக்கியம் என்றால், நீங்கள் எல்லாம் 'திருவிளையாடல்' வசனத்தை மைக் செட்டில் கேட்டே சிரித்தது எப்படி?" நல்ல கேள்வி. கல்யாண வீடு, கோயில் நோன்பி என்றால் அந்த நாளில் குழாய் ஒலிபெருக்கியில் தருமி வந்துவிடுவார். ஆயிரம் பொற்காசு கை நழுவிய புலம்பலை, படம் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் தலைகீழாகச் சொல்வோம். நான் என் மனத்தில் தருமியைக் குண்டாக, தொந்தியோடு வைத்திருந்தேன். பிறகு படத்தில் பார்த்தால் ஒடிந்துவிழுகிற மாதிரி நாகேஷ்! ஏமாற்றம் ஒரு நிமிடம்தான்.

மனைவிக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: காதிலும் கேட்கிறவர் இருக்கிறார். சிவனாக வருகிற சிவாஜி ஒரு பதிலுக்கும் அடுத்த பதிலுக்கும் நடுவே விடுகிற இடைவெளி இருக்கிறதே, அதுதான் கேட்கிறவரின் முகம். அந்த இடைவெளியில்தான் தருமி தவிக்கிறார். அதே படத்தில் நக்கீரராக வருபவர் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான் என்பது சிலருக்கு இன்னும் தெரியாது. இருக்கட்டும், இப்போது அது வேண்டாம்.

'வைதேகி காத்திருந்தாள்', 1984. பெட்ரோமாக்ஸ் கடை. கவுண்டமணி தன் தொழில் பெருமையைக் கொட்டுகிறார். செந்தில் எவ்வளவு அடக்கமாகக் கேட்கிறார் பாருங்கள்! அவ்வளவு பணிவாகக் கேட்டுவிட்டு, விளக்குக்குள் எரிகிற வலைப்பை இருக்கிறதே, அந்த மேண்டிலை ஒரே நசுக்கு. பணிவு இல்லாமல் நசுக்கியிருந்தால் அது வெறும் குறும்பாகப் போயிருக்கும். நாம் கவுண்டமணியின் கோபத்தை மட்டுமே எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் விட உச்சம் ஒன்று இருக்கிறது. 1994-ல் 'மகளிர் மட்டும்'. கிரேசி மோகன் வசனம். முப்பது வருடம் வாயாலும் காலாலும் ஓடிக்கொண்டிருந்த நாகேஷ் அதில் பிணம். பேச்சில்லை, அசைவில்லை, கண்கூட இமைக்கக் கூடாது. கொட்டகையே உருண்டு சிரித்தது. கதை சொன்ன செல்லப்பா கடைசியில் பாலையாவின் நாற்காலிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். அதற்கும் ஒரு படி மேலே. பாலையாவுக்காவது பயப்பட அனுமதி இருந்தது.

இப்போது டிவியில் காமெடித் துணுக்குகள் நாள் முழுக்க ஓடுகின்றன. எனக்கு அதில் ஒரே குறை. ஜோக் முடிந்த அடுத்த நொடி வெட்டிவிடுகிறார்கள். கேட்டவர் முகம் மாறுகிற அந்த இரண்டு விநாடியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் 'டொய்ங்' என்று ஒரு சத்தத்தை ஒட்டுகிறார்கள். அந்த இரண்டு விநாடிக்காகத்தானே ஐயா நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்!

டிவி தொடர்கள் பற்றித்தான் அதிகம் பேசலாம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே பெயர் வைத்த 'ரமணி வெர்சஸ் ரமணி' பற்றி ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. 'லொள்ளு சபா' பற்றி இரண்டு பக்கம். அதில் மனோகர் கையை ஆட்டிக்கொண்டு வருவாரே, அந்தக் கையை உங்களுக்கு ரேடியோவில் எப்படிக் காட்டுவது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடமா, அரை நிமிடமா தம்பி? சரி, அரைதான் போலிருக்கிறது.

அந்தக் கடைசி பெஞ்சுக்காரனைப் போன மாதம் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இந்த மாதிரி ரேடியோவில் பேசப்போகிறேன், உன்னைப் பற்றியும் சொல்வேன் என்றேன். கண் மட்டும் ஒரு சுற்றுப் பெரிதாயிற்று. நான் பஸ்ஸிலேயே சிரித்துக்கொண்டு வந்தேன்.

இதோ, தம்பியும் சிரித்துவிட்டார். வணக்கம் நேயர்களே.