ஆறின கஞ்சியும் ஓராண்டுக் காத்திருப்பும்

விழாவுக்குத் தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, பல அலுவல்களுக்கு இடையிலும் இந்த மலைப்பாதையில் ஏறி வந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆலய பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய பழைய மாணவர் சங்கத்தாரே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் ஓராண்டு நின்று போகலாமா என்பது எனக்குத் தந்த தலைப்பு. சட்டம், குடும்பம், பிள்ளையின் மனம் என்று மூன்று பக்கமாகப் பார்க்க எண்ணி வந்தேன்.

சட்டம் சுருக்கமானது. தெரிவான ஆண்டில் பதிவு செய்யாதவர் அந்த இடத்தை இழப்பார். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தின் மூன்று தோற்றல்கள்தான் கணக்கில் எடுக்கப்படும். பல்கலைக்கழக இடங்களில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கிய 5 வீதத்தில் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் பங்குண்டு. இத்தனை பேர் போராடிப் பெற்ற இடத்தை நாமே காலியாக விடலாமா? ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று என் அப்பாயி சொல்லுவார்.

குடும்பத்தைப் பற்றிச் சொல்ல, நாம் அறிந்த தேயிலையே போதும். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் குட்டையாகத் தறித்த மலை சில மாதம் கொழுந்து தராது. பிறகு செழித்துத் தளிர்க்கும். ஆனால் வேரில் மாச்சத்துச் சேராத செடியை வெட்டினால் அது பட்டுப்போகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு ஓய்வு கவ்வாத்து ஆகலாம். நம் வீடுகளில் வேரில் என்ன சேர்ந்திருக்கிறது?

என் பெரியப்பா மகனின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் உயர்தரம் சித்தியடைந்த முதல் பிள்ளை அவர். பெறுபேறு வந்ததும், "ஒரு வருசம்தான்" என்று சொல்லிப் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போனார். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதமெல்லாம் தோட்டத்து ஒப்பீசுக்கே வரும். பல்கலைக்கழகக் கடிதமும் அங்கே வந்து, மற்றக் கடிதங்களோடு கட்டுக்குள் கிடந்து, சம்பள நாளன்றுதான் பெரியப்பாவின் கைக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர், அரசாங்க முத்திரையைப் பார்த்துப் பயபக்தியோடு அதைத் தகரப் பெட்டியில், பெரியம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது பெரியம்மா அதை என்னிடம் நீட்டினார். பதிவு நாள் கடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அன்றிரவே பெரியப்பாவும் நானும் பதுளையிலிருந்து கொழும்புக்கு வரும் இரவு மெயில் ரயிலில் அட்டனில் ஏறினோம். விடிந்தபோது அண்ணன் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூவருமாக அலைந்தோம். இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மாலையில் அவர் அதே கடையில் முழக்கோலைக் கையில் எடுத்தார். அந்த ஒரு வருசம் இருபத்திரண்டு வருசமாயிற்று. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதை நான் கண்ணால் கண்டவன்.

இன்னொன்றையும் சொல்கிறேன். நிற்கலாமா என்று நாம் கேட்குமுன்னரே காலம் நம்மை நிறுத்திவிடுகிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கிற்று. பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியும் பதிவும் அதற்கும் பிறகு. இந்தக் காத்திருப்பில் நம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள், சிலர் திரும்புவதில்லை. அதே நேரம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆளின்றி, கீழ் லயத்துப் பிள்ளைகள் சாதாரண தரத்திலேயே நின்றுபோகிறார்கள்.

ஆகவே பணிப்பாளர் அவர்களிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் நான் மூன்று ஆண்டுகளாகக் கேட்டுவருவதை இந்த மேடையிலும் கேட்கிறேன். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கட்டி, இப்போது மூடிக்கிடக்கும் பிள்ளைக் காம்பராக்களை மாலைப் படிப்பகமாகத் திறந்துவிடுங்கள். காத்திருக்கும் பிள்ளைகள் அங்கே கற்பிக்கட்டும். பழைய மாணவர் சங்கம் அவர்களுக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுக்கட்டும். கூரைத் தகரம் மாற்ற வேண்டும், மின்குமிழ் இரண்டு போட வேண்டும். அந்தச் செலவை என் ஓய்வூதியத்திலிருந்து நான் ஏற்கிறேன்.

மனத்தைப் பற்றிப் பேச நேரம் இடம் தரவில்லை. தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கற்பிக்க விரும்பும் பிள்ளைகள் பெயரையும், எந்தப் பாடம் என்பதையும், பதிவுக் கடிதம் வந்தால் உடனே சொல்ல வேண்டிய தொலைபேசி இலக்கத்தையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.