ஆறடி நாலும் ரங்கூன் லோஞ்சியும்

வணக்கம் மக்களே. சத்தம் கேக்குதா? மழை. ரங்கூன்ல நான் வந்து இறங்கின நாள்லேர்ந்து இதே மழைதான். இப்ப உக்காந்திருக்கிறது எங்க அத்தை வீட்டு பால்கனி. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இதோ இந்தக் கயித்தைப் பாருங்க. கம்பியில கட்டி, கீழ தெரு வரைக்கும் தொங்குது. நுனியில ஒரு கிளிப்பு, மேல ஒரு சின்ன மணி. கீழேர்ந்து இழுத்தா இங்க மணி அடிக்கும். பேப்பர், பில்லு, கீரைக்கட்டு, எதுவா இருந்தாலும் கிளிப்புல மாட்டிட்டுப் போயிருவாங்க, நாம மேல இழுத்துக்கணும். இன்னிக்கு இந்தக் கயித்துல எனக்கு ஒரு பார்சல் வரணும். டெய்லர் கடையிலேர்ந்து. வர்ற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம். மணி அடிச்சா பாதியில எந்திரிச்சு ஓடிருவேன், கோவிச்சுக்காதீங்க.

விஷயம் என்னன்னா, நான் வந்துட்டேன், என் பெட்டி வரல. எந்த விமானக் கம்பெனின்னு சொல்லப்போறதில்ல. "நாளைக்கு வந்துரும் சார்"னாங்க. அந்த நாளைக்கு இன்னும் வரல, நாலு நாளாச்சு. போட்டிருந்த ஜீன்ஸ், டீ-ஷர்ட், ஷூ, கையில கேமரா பை. அவ்வளவுதான் என் சொத்து.

வேற யாருக்காவது இது நடந்தா ஒரு கடைக்குள்ள நுழைஞ்சு ரெண்டு செட்டு வாங்கிட்டு வந்துருவாங்க. என் கதை தெரியும்ல? ஆறடி நாலு. 193 சென்டிமீட்டர். பேன்ட்டு கால் உள்நீளம் மட்டும் 36 இன்ச். மதுரையிலயே எனக்கு ரெடிமேட் கிடைக்காது. இங்க எங்க போக?

முதல் நாள் ஜீன்ஸோட மழையில நனைஞ்சேன். ஜீன்ஸ் ஒரு தடவ நனைஞ்சா இந்த ஊர் ஈரத்துல காயவே காயாது. அத்தை பாத்துட்டு, "என்னய்யா இது, சாக்கை உடுத்தின மாதிரி"ன்னு சொல்லி, மாமாவோட லோஞ்சி ஒண்ணை எடுத்துக் கொடுத்தாங்க. லோஞ்சின்னா நம்ம ஊர் கைலி மாதிரி, இங்க எல்லாரும் இடுப்புல கட்டுறது. மாமா அஞ்சடி மூணு. கட்டிக்கிட்டு வெளிய வந்தேன். அத்தை என் காலைப் பாத்தாங்க, என் மூஞ்சியைப் பாத்தாங்க, கன்னத்துல தனக்கா, அதான் இங்க மரப்பட்டையை அரைச்சுப் பூசுற சந்தனம் மாதிரி விழுது, பூசிக்கிட்டிருந்த கை அப்படியே நின்னுருச்சு. கெண்டைக்கால் பாதிக்குத்தான் வந்திருக்கு. இங்க ஆம்பளைங்க லோஞ்சியைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிக் கட்டுவாங்க. பிரம்புப் பந்து ஆடும்போதும் மூட்டை தூக்கும்போதும்தான் மேல ஏத்திச் செருகுறது. நான் சும்மா நின்னாலே ஆட வந்தவன் மாதிரி இருக்கேன்.

சரி, மார்க்கெட் போவோம்னு கிளம்பினேன். போஜோ அவுங் சான் மார்க்கெட். அத்தை இன்னும் ஸ்காட் மார்க்கெட்டுன்னுதான் சொல்றாங்க. 1926ல கட்டினது, சுதந்திரத்துக்கு அப்புறம் பேரை மாத்தினாங்க. போனா பூட்டியிருக்கு. திங்கக்கிழமை லீவாம். வர்றவங்க குறிச்சு வச்சுக்கங்க.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். சட்டைக் கடை அக்கா என்னைப் பாத்ததும் நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே "மஷீபூ"ன்னாங்க. இல்லைன்னு அர்த்தம். நான் பர்மிய பாஷையில நல்லாக் கத்துக்கிட்ட முதல் வார்த்தை அதுதான். அடுத்த கடை, மஷீபூ. அதுக்கடுத்த கடைக்காரர் கொஞ்சம் மனசு இரங்கி ஒரு டபுள் எக்ஸெல் எடுத்துக் கொடுத்தார். போட்டேன். வயித்துப் பக்கம் இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம். கை மணிக்கட்டுக்கு மூணு விரல் மேலயே நின்னுருச்சு.

உயரமா இருக்கிறவங்க இதுல ஏமாறுறதே இங்கதான். எல் பத்தலன்னா எக்ஸெல் கேப்போம், அதுவும் பத்தலன்னா டபுள் எக்ஸெல். அந்த எழுத்தெல்லாம் குண்டாகுறதுக்குத்தான்யா, உயரமாகுறதுக்கு இல்ல. ஒரு சைஸ் ஏறினா மார்புச் சுத்து ரெண்டு இன்ச்சு ஏறும். நீளம் அரை இன்ச்சு ஏறினாலே பெரிய விஷயம். அதனால வெளியூர்ல எழுத்தை நம்பாதீங்க, ஒரு இன்ச்சு டேப்பைப் பையில போட்டுக்கங்க. உங்ககிட்ட சரியா இருக்கிற ஒரு சட்டையோட தோள், கை நீளம், முதுகு நீளம், இந்த மூணை மட்டும் போன்ல எழுதி வச்சுக்கங்க. கடையில சட்டையை மேசை மேல விரிச்சு அளந்தா போட்டுப் பாக்குற வேலையே இல்ல. பேன்ட்டுன்னா கால் ஓரத்தைத் திருப்பிப் பாருங்க. உள்ள ரெண்டு இன்ச்சு துணி மடிச்சு விட்டிருந்தா பிரிச்சு இறக்கிக்கலாம். பழைய மடிப்புக் கோடு தெரியும், வினிகர் தொட்டு இஸ்திரி போட்டா ஓரளவுக்குப் போகும். கறுப்புத் துணியில வெளுத்துப்போன கோடுன்னா எதுக்கும் போகாது, அதை வாங்காதீங்க.

ஒரு கடையில ஏற்றுமதிக்குத் தைச்சு மிஞ்சின உருப்படி குவிச்சு வச்சிருந்தாங்க. பர்மாவுல ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் தைக்கிற ஃபேக்டரிங்க நிறைய. எனக்கு ஆசை வந்துருச்சு. ஐரோப்பிய நம்பர் எனக்குத் தெரியும், 52ன்னா மார்புச் சுத்து 104 சென்டிமீட்டர், அதுல பாதி. கிளறினேன், கிளறினேன், ஒண்ணு கிடைச்சுது. தோள் சரி, கை சரி, நீளம் சரி, வாழ்க்கையில இவ்வளவு சரியா ஒரு ரெடிமேட் எனக்குப் பொருந்தினதே இல்ல. என்ன உருப்படின்னு கேளுங்க. பனியில போடுற பஞ்சு வச்ச ஜாக்கெட்டு. வெளிய ஜோன்னு மழை, உள்ள புழுக்கம், கண்ணாடி முன்னாடி எஸ்கிமோ மாதிரி நான். கடைக்காரப் பொண்ணு ரொம்ப மரியாதையா சிரிச்சுது.

செருப்புக் கதையைச் சுருக்கமா சொல்றேன். எனக்கு 47. இங்க கிடைச்சதுல பெருசு 43. ஐரோப்பிய நம்பர்ல ஒரு நம்பருக்கு முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அப்ப நாலு நம்பருக்கு ரெண்டரை சென்டிமீட்டருக்கு மேல. அவ்வளவு குதிகால் இப்ப வெளிய தொங்குது. வெல்வெட் வார் வச்ச அழகான செருப்பு. ஷ்வேடகோன்ல, அதான் இந்த ஊர் பெரிய புத்தர் கோயில்ல, எப்படியும் வெறுங்காலோடதான் நடக்கணும், அங்க மட்டும் நானும் எல்லாரும் ஒண்ணு.

அங்க போகணும்னா முழங்கால் மூடியிருக்கணும். அதுக்கு லோஞ்சியைவிட வசதியான துணி கிடையாது. சுத்தளவு ரெண்டு மீட்டர் வரும், ஒல்லியோ குண்டோ யார் வேணா கட்டலாம், சைஸ்ங்கிற பேச்சே இல்ல. இடுப்புக்குப் பிரச்சினையே இல்லாத துணி, கால்ல கொண்டுவந்து என்னை மாட்டிவிட்டுருச்சு. டேப்பு வச்சு அளந்தேன், உயரம் 42 இன்ச்சு. எனக்கு இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் 44. மேல மடிச்சு முடிச்சுப் போட ரெண்டு மூணு இன்ச்சு வேற போயிரும்.

புத்திசாலித்தனமா ஒரு யோசனை வந்துச்சு. தைக்காத துணியா வாங்கி, கஜம் கூடப் போட்டுத் தைச்சுக்கலாமேன்னு. இதைத்தான் அந்தப் பெரியவர்கிட்ட சொன்னேன்.

யாருன்னா, காளி கோயில் பக்கத்துச் சந்துல ஒரு டெய்லர். 1871ல தமிழங்க கட்டின கோயில் அது. சுத்துப்பட்டுல தமிழ் காதுல விழும், நடுநடுவுல பர்மிய வார்த்தை கலந்து. பெரியவருக்கு எழுபது இருக்கும். காலால மிதிக்கிற மெஷின். கரன்ட்டு போச்சு, வந்துச்சு, மறுபடி போச்சு, அவர் கால் நிக்கவே இல்ல.

"தம்பி, கஜத்தைக் கூட்டினா உங்க இடுப்புதான் பெருசாகும். லோஞ்சி உயரம்ங்கிறது துணியோட பன்னா. தறி எவ்வளவு அகலமோ அவ்வளவுதான். நீங்க பத்துக் கஜம் வாங்குனாலும் கால் எட்டாது."

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம ஊர் வேட்டியும் அப்படித்தானே! 50 இன்ச்சு பன்னா வேட்டி எனக்குச் சரியா இருக்கும், சின்னப் பன்னான்னா தூக்கிக்கும். இத்தனை வருஷமா கட்டுறேன், ஏன்னு யோசிச்சதே இல்ல.

"துணியைத் திருப்பிப் போட்டு ரெண்டு துண்டா இணைச்சா?"ன்னு கேட்டேன். "சின்னக் கட்டம்னா செய்யலாம். நீங்க எடுத்திருக்கிறது கோடு. நெடுக்க ஓடுற கோடு குறுக்க ஓடும், வர்றவன் போறவனெல்லாம் நின்னு பாப்பான்"னார்.

அப்புறம் கத்திரிக்கோலைக் கீழ வச்சுட்டு, எதிர்ப் படியில உக்காந்திருந்த அம்மாவைக் காட்டினார். பொம்பளைங்க கட்டுறது தமீன், அதோட தலைப்புல கறுப்பா ஒரு பட்டை தைச்சிருப்பாங்க, பிடிப்புக்காக. "அதே மாதிரி உங்களுக்கு மேல ஒரு அஞ்சு இன்ச்சு ஒட்டுப் போட்டுறேன். மல்துணியில. தடிமனா வச்சா முடிச்சு வயித்துல உறுத்தும். மேல சட்டை தொங்குது, யாரு பாக்கப் போறா?"

சட்டைக்கும் அங்கயே கொடுத்துட்டேன். நின்னா என் தோள் அவருக்கு எட்டல. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க"ன்னார். டீக்கடையில போடுவாங்களே, முழங்கால் உயரத்துக்கு, அந்த ஸ்டூல். உக்காந்தா என் முட்டி ரெண்டும் காதுகிட்ட வந்துருச்சு. டேப்பைத் தோள்ல வச்சார், கையில இறக்கினார், ஒரு நிமிஷம் நிறுத்தி மறுபடி முதல்லேர்ந்து அளந்தார். சிகரெட் அட்டையில வட்டவட்டமா பர்மிய எண்ல எழுதிக்கிட்டே, "கைக்கே அரைக் கஜம் கூடுதலா வேணும்"னு சொல்லிட்டுக் கூலியை மட்டும் கூட்டல. நானாக் கூட்டிக் கொடுத்தேன்.

ஆங்... மணி! கேட்டுச்சா? இருங்க, இருங்க.

வந்துருச்சு மக்களே. பாருங்க, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, கிளிப்புல மாட்டி, நனையாம வந்திருக்கு. அத்தே! டெய்லர் வீட்டுப் பையன் போயிட்டானா? போயிட்டானாம்.

சட்டை... கை மணிக்கட்டைத் தொடுது. மக்களே, தொடுது! இப்ப லோஞ்சி. அந்த ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், கால் தெரியணும். தெரியுதா? கணுக்கால் வரைக்கும். அத்தை உள்ளேர்ந்து எட்டிப் பாத்து ஏதோ பர்மியத்துல சொல்றாங்க, மஷீபூ இல்ல, அது வரைக்கும் சந்தோஷம்.

ரெண்டு பக்கமும் முன்னாடி இழுத்து, மடிச்சு, முறுக்கி, உள்ள செருகணும். மாமா காட்டினாப்ல. ஆனா இந்த மல்துணி வழவழன்னு... ஒரு நிமிஷம். இல்ல, நிக்கல. அவுறுது. அவுறுது! மக்களே, கேமராவை மழைப் பக்கம் திருப்பி வைக்கிறேன், நீங்க கொஞ்ச நேரம் தெருவைப் பாருங்க. மாமா! மாமா, கொஞ்சம் வாங்களேன்!