பாஸ்போர்ட் படம்

லண்டன் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "ஆங்கில இசைப் பத்திரிகைகளின் படங்கள் இளையோரைக் கட்டவிழ்த்தனவா, கட்டிப்போட்டனவா?" கட்டிப்போட்டன என்ற அணியின் இரண்டாவது பேச்சு.

நடுவர் அவர்களே, இரு அணியினரே, வடை தீருமுன் வந்து இடம்பிடித்த பெரியோரே, வணக்கம்.

எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "அட்டையில் பெண் வந்தால் ஏன் இப்படி வந்தாள் என்கிறார்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்கிறார்கள். இந்த அக்காமாருக்கு வேண்டியது அட்டைப்படம் இல்லை, பாஸ்போர்ட் படம்." நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் அது எனக்கு விழுந்த அடி என்று தெரிந்தது. இருங்கள் தம்பி, அதற்கு வருகிறேன்.

முதலில் கடைக்குப் போவோம். தெற்கு லண்டன் டூட்டிங்கில் என் மாமாவுக்குப் பேப்பர்க் கடை. 1993. எனக்கு 15 வயது. சனிக்கிழமைகளில் பத்திரிகை அடுக்குவது என் வேலை. கீழ்த்தட்டில் சமையலும் தோட்டமும். மேல்தட்டில்... அது மேல்தட்டு, விடுங்கள். நடுத்தட்டில் என்எம்ஈ, மெலடி மேக்கர், செலக்ட் என்ற இசைப் பத்திரிகைகள். கல்லாவில் அம்மா. ஊரிலிருந்து வந்து நாலு வருடம். ஆங்கிலம் வாசிப்பார், பேச வெட்கம்.

அந்த ஏப்ரல் மாதச் செலக்ட் அட்டையில் ஸ்வேட் ராக் குழுவின் பாடகர் பிரெட் ஆண்டர்சன். பின்னால் பிரிட்டன் கொடி. நெற்றியில் முடி விழுகிறது. மேல்சட்டை இடுப்புவரை வர மனமில்லாமல் பாதியிலேயே நின்றுவிட்டது. அம்மா எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"பிள்ளை, இது பொடியனோ, பெட்டையோ?"

"பொடியன் அம்மா."

"அப்ப ஏன் வயிறு தெரிய நிக்கிறான்? சாப்பிடேல்லை எண்டு காட்டுறானோ?"

பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? மறுபடி சொல்கிறேன், எனக்கென்ன கஷ்டம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சாப்பிடேல்லை எண்டு காட்டுறானோ?"

கதை இன்னும் முடியவில்லை ஐயா. கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்தான். அதே முடி, அதே ஒல்லி. அந்தப் பத்திரிகையைக் கல்லாவில் வைத்தான். அம்மா அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். காசை வாங்கிக்கொண்டு, பைக்குள் ஒரு மார்ஸ் சாக்லேட்டையும் போட்டுக் கொடுத்தார். இலவசம். அப்புறம் அந்த மாதம் முழுக்க, அந்தப் பத்திரிகை வாங்கிய பொடியன்களுக்கெல்லாம் மார்ஸ்! மாத முடிவில் மாமா கணக்குப் பார்த்தால் 11 மார்ஸ் குறைகிறது. கடையில் திருட்டு நடக்கிறது என்று கேமரா வைக்கப் போனார்.

எதிரணி இப்போது துள்ளும். "பார்த்தீர்களா, பொடியனா பெட்டையா என்றே தெரியவில்லை, அதுதானே விடுதலை!" சரி. யாருக்கு? பெண்ணின் இடுப்பையும் முடியையும் பொடியன் கடன் வாங்கலாம், வட்டி கூடக் கிடையாது. 1992இல் ஓர் இசைத்தட்டுக்கூட வெளிவராத நேரத்திலேயே, இந்த ஸ்வேட் குழுவை பிரிட்டனின் மிகச் சிறந்த புதிய குழு என்று மெலடி மேக்கர் அட்டையில் போட்டது. அதே வருடம்தான் இங்கிலாந்தின் டார்செட் பக்கத்துப் பாடகி பி.ஜே. ஹார்வியின் முதல் ஆல்பம் வந்தது. என்எம்ஈ அட்டையிலும் வந்தார். எப்படி? வெற்று முதுகோடு. அவர் விருப்பம்தானே என்றார் எதிரணித் தலைவி. இருக்கட்டும். அந்தப் பொடியனைப் பார்த்தால் பசி தெரிகிறது, பாட்டு தெரிகிறது, கவலை தெரிகிறது. இந்தப் பெண்ணிடம் முதுகு தெரிகிறது.

1994 மே மாதம் க்யூ இசைப் பத்திரிகை ஹார்வி, பியோர்க், டோரி ஏமோஸ் என்ற பாடகிகள் மூவரையும் ஒரே அட்டையில் நிறுத்தியது. மூன்று பேருக்கும் மூன்று விதமான இசை. தலைப்பில் நாலே சொல். ஒன்று இடுப்பு. ஒன்று உதடு. மூன்றாவதைப் பொங்கல் மேடையில் சொன்னால் சங்கத் தலைவர் மைக்கைப் பிடுங்குவார். நாலாவது சக்தி. நாலில் பாட்டு எங்கே ஐயா? அம்மா அந்த இதழை முழுக்கத் திருப்பி அடுக்கிவைத்தார். பின் அட்டை விளம்பரம்தான் மாதம் முழுக்கத் தெரிந்தது.

படம் எடுத்தவர்களிலும் பெண்கள் உண்டு என்றார் தலைவி. உண்டு. 1979இல் நியூயார்க் மேடையில் கிளாஷ் என்ற பங்க் இசைக்குழுக்காரர் தன் கிதாரைத் தரையில் ஓங்கி அடிக்கும் படத்தை எடுத்தவர் பென்னி ஸ்மித். ஃபோகஸ் சரியில்லை, ஆல்பத்துக்கு வேண்டாம் என்றார் அவர். கேட்கவில்லை, போட்டார்கள், உலகப் புகழ். ஆணின் கோபம் மங்கலாக இருந்தாலும் ஓடும். பெண்ணின் முதுகு மட்டும் துல்லியமாக விழ வேண்டும்.

படங்கள் அப்படிக் கட்டவிழ்த்திருந்தால், 1991 வாக்கில் அமெரிக்காவின் ஒலிம்பியா ஊரில் பிகினி கில் என்ற பங்க் இசைக்குழுப் பெண்கள் ஏன் தாங்களே வெட்டி, ஒட்டி, பிரதி எடுத்துப் பத்திரிகை போட்டார்கள்? எங்கள் நடுத்தட்டுக்கு அவை வரவே இல்லை.

மணி அடித்துவிட்டார்கள். தம்பியின் பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன்.

ஆமாம் தம்பி, பாஸ்போர்ட் படம்தான் வேண்டும். அதில் முதுகைக் காட்டு என்று யாரும் சொல்வதில்லை. நேரே பார் என்கிறார்கள். பக்கத்திலேயே பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாஸ்போர்ட்டில் தொழிலும் இருக்கும்.

மாமா கடையை விற்றபோது கல்லாவின் அடித்தட்டில் அம்மாவின் பழைய பாஸ்போர்ட் கிடைத்தது. ஊரை விட்டு வரும்போது எடுத்தது. முடியை இழுத்துக் கட்டியிருக்கிறார், பொட்டில்லை, தோடில்லை, கன்னம் ஒட்டிக்கிடக்கிறது. வழியெல்லாம் என்ன சாப்பிட்டாரோ. எனக்கு ஆளே தெரியவில்லை. தொழில் என்ற இடத்தில் மியூசிக் டீச்சர் என்றிருந்தது. அந்த நடுத்தட்டுக்கு எதிரே 11 வருடம் உட்கார்ந்திருந்தார். ஒருநாளும் ஒரு வரி பாடி நான் கேட்கவில்லை.

"அம்மா, இது நீங்களா?"

"ஏன், பெட்டை மாதிரித் தெரியேல்லையோ?" என்று சிரித்தார்.

மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை. படம் எடுக்கிறவர்கள் முன்னால் வந்து, கேட்டுவிட்டு எடுங்கள். வணக்கம்.