மல்லிகைக்குக் கவாத்து

வணக்கம் நேயர்களே. கார்த்திகை முகூர்த்தத்தில் குண்டுமல்லி விலை ஏறும் நேரத்தில்தான் செடியில் கத்தி வைக்கும், அதாவது கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யும் பருவமும் வருகிறது. "இருக்கிற பூவை எடுத்துக்கிட்டு தையில வெட்டிக்கலாம்" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். நவம்பர் கடைசி வாரத்தில் வெட்டினால் மாசி, பங்குனியில் வரவேண்டிய பூ, தையில் வெட்டினால் சித்திரைக்குப் போய்விடும். அப்போது எல்லார் தோட்டத்திலும் பூ இருக்கும், விலை இருக்காது.

மல்லிகை பழைய குச்சியில் பூக்காது. புதுத் தளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். இதன் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் இரண்டு பக்கமும் தளிர் கிளம்பும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு நுனி. வெட்டுவதற்குப் பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். செடியைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில், ஏறக்குறைய முழங்கால் மட்டத்தில், வெட்டுங்கள். அளவுக்கு ஒரு குச்சியை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஓர் உயரம் ஆகாது. பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே பாருங்கள். காய்ந்தது, நோஞ்சான் குச்சி, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். இந்த இரண்டாவது வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே மட்டும் மொட்டையடித்தால் நடுவில் வெயில் இறங்காது.

கருவி கூர்மையாக இருக்கவேண்டும். மழுங்கிய அரிவாளால் வெட்டிய குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: முனை நசுங்கி, பட்டை நாராகப் பிரிந்து தொங்கும். அங்கிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வந்து, தளிர்க்கவேண்டிய கணுவையும் சேர்த்துக் கொல்லும். கத்தரிக்கோல்தான் நல்லது. மழை விடாமல் பெய்தால் நான்கு நாள் பொறுங்கள். ஈர வெட்டில் பூஞ்சணம் ஏறும். வெட்டியதும் பூஞ்சணக்கொல்லியான காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளிக்கலாம்.

அடுத்தது உரம். செடிக்குத் தொழு உரம் 10 கிலோ. அதோடு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம். தூரிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகப் போட்டு, மண்ணோடு கிளறி, உடனே தண்ணீர் விடுங்கள். இதே அளவு ரசாயன உரம் மறுபடி ஜூன், ஜூலையில். யூரியாவை மட்டும் அள்ளிப்போட்டால் செடி கருகருவென்று தழைக்கும், அரும்பு இருக்காது.

மண்ணைக் கிளறுவதில் இன்னொரு லாபமும் உண்டு. மொட்டு ஊதா நிறமாகி உதிர்வதற்குக் காரணமான மொட்டு ஈ மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாக இருக்கும். கிளறிவிட்டால் வெயிலில் சாகும். ஊதா மொட்டுகளைப் பறித்து வரப்பில் போடாமல் அழித்துவிடுங்கள்.

தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளியுங்கள். இலை மொத்தமாக மஞ்சளாகி, செடியும் வாடினால் வேரைத் தோண்டிப் பார்க்கவேண்டும். அது வேர் அழுகலோ, வேரைத் தாக்கும் நூற்புழுவோ, தெளிப்பில் தீராது.

மாடியில் தொட்டிச் செடி வைத்திருப்பவர்கள் பாதி உயரத்துக்கு வெட்டினால் போதும். அப்புறம் ஒவ்வொரு பூப்பு முடிந்ததும், பூத்த நுனியை இரண்டு கணு கீழே கிள்ளிவிடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படாத இடத்தில் எவ்வளவு வெட்டினாலும் இலைதான் வரும்.

முல்லைக்கு இந்தத் தேதி பொருந்தாது. அதற்கு ஜனவரி கடைசி வாரம். உயரம் அதே 45 செ.மீ. நன்றி, வணக்கம்.