செம்பருத்தி மொட்டு உதிர்கிறதா? உரம் போடும் முன் ஒரு மொட்டைப் பிளந்து பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. கவாத்துக் காணொளியில் நீங்கள் பார்த்த அதே அடுக்குச் செம்பருத்தி, கிளைக்குக் கிளை மொட்டு வைத்தும் ஒன்றையும் விரியவிடாமல், எல்லாவற்றையும் மஞ்சளாக்கி உதிர்த்துக்கொண்டிருந்தது. யாரைக் கேட்டாலும் பாஸ்பரஸ் மிகுந்த உரத்தைப் போடச் சொல்கிறார்கள். இந்த அறிவுரை எனக்கு அறவே பிடிக்காது. செம்பருத்திக்குப் பாஸ்பரஸ் கூடினால் இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வது தடைபட்டு, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க இலை வெளிறிப்போகும்.

உரத்தைத் தொடாமல், விழுந்து கிடந்த மொட்டு ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். கேமராவை அருகில் கொண்டுவருகிறேன், நன்றாகப் பாருங்கள். வெளியே மொட்டு முழுதாகத்தான் இருக்கிறது. உள்ளே இதழ்கள் பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்க, அவற்றின் இடுக்கில் அரிசி நொய்யைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் புழுக்கள் நெளிகின்றன. இதோ, ஒன்று உடலை வளைத்துத் துள்ளிவிட்டது! காரணம் கையில் கிடைத்த மகிழ்ச்சியில் காலையிலிருந்து மொட்டு மொட்டாகப் பிளந்துகொண்டிருக்கிறேன்; இன்னொன்றையும் காட்டாமல் விடமாட்டேன். இதில் காம்புக்கு அருகில் கூட்டமாகவே இருக்கின்றன.

இது கொசுவைவிடச் சிறிய ஓர் ஈயின் வேலை. மல்லிகை மொட்டைக் கெடுப்பதும் இதே ஈதான். தாய் ஈ இளமொட்டின் நுனியில் முட்டையிடுகிறது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, மொட்டு விழுந்தபின் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக எழுகிறது. முழுச் சுற்றும் 3 முதல் 4 வாரங்களில் முடிந்துவிடும். வேப்பெண்ணெயை எவ்வளவு தெளித்தாலும் மொட்டுக்குள் இருக்கும் புழுவை அது எட்டாது.

ஆகவே, விழுந்த மொட்டுகளை அன்றன்றே பொறுக்கி, செடியில் மஞ்சளாகத் தொடங்கியவற்றையும் கிள்ளி, பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், புழு மண்ணுக்குப் போக நாமே வழிகாட்டியதாகிவிடும். ஒரு சுற்றுக் காலம் முழுவதும் விடாமல் இதைச் செய்ய வேண்டும். இடையில் ஒரு வாரம் விட்டாலும் மண்ணிலிருந்து எழும் ஈக்களுக்குப் புதுமொட்டு காத்திருக்கும். மொட்டுகளைக் கிள்ளத் தயங்க வேண்டாம், செம்பருத்தி புதுத்தளிரில்தான் பூக்கும் என்பதால் அடுத்த மொட்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், பிளேடு காட்சிக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்: பிளந்த மொட்டில் புழுவே இல்லையென்றால், முதலில் தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு நாள் வறண்டு மறுநாள் ஊறிக் கிடக்கும் மண்ணிலும் செம்பருத்தி மொட்டு உதிர்க்கும். அதற்குச் சீரான தண்ணீர் போதும். அடுக்கு வகைகளை வளர்ப்பவர்கள் மட்டும் புழுவைத் தேடாமல் விடாதீர்கள், ஓரடுக்குப் பூக்களைவிட அவற்றைத்தான் இந்த ஈ அதிகம் தாக்குகிறது.