பெரிய டப்பாவில் காய், சின்னக் கிண்ணத்தில் சோறு

எல்லாருக்கும் வணக்கம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டுவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். நான் டாக்டர் இல்லை. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். 11 வருடமாக அவருக்கு டிபன் கேரியர் கட்டுகிறேன். டாக்டரும் டயட்டீஷியனும் சொல்லிக்கொடுத்ததையும் என் கைப்பழக்கத்தில் தெரிந்ததையும்தான் சொல்லப்போகிறேன்.

உங்கள் வீட்டுக் கேரியரை நினைத்துப் பாருங்கள். பெரிய அடுக்கு சோற்றுக்கு. அதற்கு மேல் குழம்பு. ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஒரு கரண்டி பொரியல். பாத்திரம் எப்படியோ, போடுகிற கையும் அப்படித்தான் போகிறது. நான் இதை மாற்றினேன். பெரிய அடுக்கில் அவரை, பீன்ஸ், புடலங்காய், கீரைக் கூட்டு. உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அதுவும் மாவுதான். அடுத்ததில் கொண்டைக்கடலைச் சுண்டல், இல்லையென்றால் முட்டை, மீன். சின்னக் கிண்ணத்தில்தான் சோறு, அழுத்தாமல். சுமார் 150 கிராம் சோறு என்றால் அதிலேயே 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது.

முதல் வாரம் அவர் கோபித்துக்கொண்டார். "மாடா நான், தழை தின்ன?" என்று கேட்டார். சரி என்று காயில் மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டேன், கூட்டில் பாசிப்பருப்பைக் கூட்டினேன். அப்புறம் டப்பா காலியாக வந்தது.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, கேழ்வரகுக் களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. 100 கிராம் கோதுமை மாவிலும் கேழ்வரகு மாவிலும் சுமார் 65 கிராம் மாவுச்சத்து. நார்ச்சத்து கூடுதல், நல்லதுதான். ஆனால் நாலு சப்பாத்தி நாலுதான். காலை அவசரத்துக்குக் கைகொடுக்கிற புளிசாதமும் லெமன் சாதமும் இன்னும் சிக்கல், டப்பா முழுக்கச் சோறு. கட்டியே ஆக வேண்டிய நாளில் பாதிச் சாதம், மீதி இடத்தில் சுண்டல். கடலையை ராத்திரியே ஊறப்போட்டு, காயையும் நறுக்கி வைத்துவிட்டால் காலையில் அரை மணி நேர வேலை.

வெயில் காலத்தில் பொரியலுக்குத் தேங்காய் வேண்டாம், மதியத்துக்குள் ஊசிப்போகும். ஆவி அடங்கியதும் மூடுங்கள். சாப்பிடும்போது முதலில் காய், பிறகு சுண்டல், கடைசியில் சோறு. இந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரை குறைகிறது.

இன்னொன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஒருநாள் டிராஃபிக்கில் மாட்டி அவர் மூன்று மணி வரை சாப்பிடவில்லை. காலையில் மாத்திரை போட்டிருந்தார். கை நடுங்கி, சட்டை நனைய வேர்த்து, பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார். நல்லவேளை, கண்டக்டரிடம் மிட்டாய் இருந்தது. க்ளிமிபிரைடு போன்ற சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இப்படி ஆகும். ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அன்றிலிருந்து கேரியர் பையின் பக்கவாட்டில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கும்.

கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் பருப்பு, முட்டை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கட்டிய கேரியரையே கொண்டுவந்திருக்கிறேன். மேசையில் திறந்து வைக்கிறேன், வந்து அளவைக் கண்ணால் பாருங்கள்.